பெரிய டோஸின் நிழலில் ஒரு சின்ன டோஸ்

(கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு முன் எடுக்கும் சிமுலேஷன் ஸ்கேனின் கதிர் அளவுக்கு ஒப்பீட்டு அளவுகள் வகுப்பது பற்றி மருத்துவ இயற்பியலாளர் ஒருவர் பொது அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நம் பக்கத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சையை அந்தப் பெயரில் சொல்பவர்கள் குறைவு. ‘கரண்ட் வைக்கிறாங்க’ என்பார்கள். ‘உங்களுக்கு எத்தனை கரண்ட் முடிஞ்சுது?’, ‘இன்னும் ஏழு பாக்கி’ என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பேச்சு ஓடும். அந்தக் கரண்ட் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் இருக்கிறது. அதற்கு சிமுலேஷன் என்று பெயர். நான் பேச வந்திருப்பது அந்த ஒரு நாளைப் பற்றித்தான். அன்று எடுக்கும் சி.டி. ஸ்கேனில் நோயாளியின் உடம்புக்குள் எவ்வளவு கதிர் போகிறது, அது எவ்வளவு இருந்தால் சரி, அதை எதை வைத்துச் சொல்வது என்பதுதான் விஷயம்.

ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். இடது மார்பகத்தில் அறுவை முடிந்து, கீமோவும் முடிந்து வந்திருக்கிறார். சிமுலேஷன் அறையின் மேசை, நீங்கள் மற்ற ஸ்கேன் சென்டர்களில் பார்த்திருக்கும் குழிவான மேசை மாதிரி இருக்காது. தட்டையான கார்பன் ஃபைபர் பலகை. நாளைக்குச் சிகிச்சை இயந்திரத்தில் படுக்கப்போகும் பலகையும் இதே மாதிரிதான், அதனால்தான் தட்டை. அதன் மேல் சாய்வாக ஒரு போர்டு. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடியில் வைத்துக்கொள்ளச் சொல்வோம். அறுவை செய்த பக்கம் தோள் வலிக்கும். முகம் சுளிக்காமல் தூக்குவார். தழும்பின் மேல் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டுவோம். படத்தில் அது வெள்ளைக் கோடாகத் தெரியும். லேசர் கோடுகள் உடம்பில் சந்திக்கும் இடங்களில் கடுகளவு மணி ஒட்டிக் குறி போடுவோம். பிறகு எல்லாரும் வெளியே வந்துவிடுவோம். அவர் மட்டும் உள்ளே.

முதலில் ஒரு முன்னோட்டப் படம் வரும். டோப்போகிராம் என்போம். அந்தப் படத்தின் மேல் டெக்னீஷியன் மவுஸால் ஒரு பெட்டி இழுப்பார். எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்பதைச் சொல்லும் பெட்டி. மேல்கோடு தாடைக்குக் கீழே. கீழ்க்கோடு? மார்பகம் முடிந்து சில சென்டிமீட்டரிலா, ஈரலைத் தாண்டியா, தொப்புள் வரைக்குமா? மவுஸை எங்கே விடுகிறாரோ அங்கே. என் பேச்சில் பாதி அந்தக் கீழ்க்கோட்டில் இருக்கிறது.

பல வருஷத்துக்கு முன்னால், நான் அப்போது வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில், இப்படி ஓர் அம்மாவை மேசையிலிருந்து இறக்கிவிட்டு வெளியே வந்தேன். அவர் கணவர் கேட்டார்: “சார், இந்த ஸ்கேன்லயும் கரண்ட் இருக்குங்களா? எவ்வளவு இருக்கும்?” நான் “ரொம்பக் கம்மிங்க, பயப்படாதீங்க” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்டது எண். நான் கொடுத்தது ஆறுதல். அந்த எண் அப்போதே கணினியில் இருந்தது. ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் கடைசிப் பக்கமாக ஒரு டோஸ் ரிப்போர்ட்டை இயந்திரம் தானாகவே எழுதி வைக்கிறது. அந்தப் பக்கத்தை நாங்கள் யாரும் திறந்து பார்த்ததில்லை. அன்று மாலைதான் முதல் தடவையாகத் திறந்தேன்.

ஏன் யாரும் திறக்கவில்லை? சோம்பேறித்தனம் காரணமில்லை. ஒரு நியாயம் எங்களிடம் இருந்தது. மார்பகத்துக்கு 15 நாளில் 40 கிரே கொடுக்கப்போகிறோம்; கிரே என்பது உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு. தலை, கழுத்துப் புற்றுக்கு 35 நாளில் 70 கிரே. ஸ்கேனில் போவது கிரேயில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிகிரே, அதில் ஒரு பத்துப் பதினைந்து. நாலாயிரத்தில் ஒரு பங்குக்கு யார் கணக்குப் பார்ப்பார்கள்? எங்கள் துறையில் இது ஊறிப்போன பேச்சு. இந்த நியாயத்தோடுதான் நான் இன்று வாதாட வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒரு பழைய கதை. 1956-இன் முதல் பாதி, தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன். அங்குள்ள குரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரியில் இயற்பியலாளராக இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். கதிரியக்கப் பொருள்களைக் கையாள இயற்பியலாளர் ஒருவரின் மேற்பார்வை வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். அதனால் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆலன் கார்மாக் வாரத்தில் ஒன்றரை நாள் அங்கே போய் வந்தார். போன இடத்தில் கதிர் சிகிச்சைக்கு டோஸ் கணக்குப் போடுவதைப் பார்த்தார். மனித உடம்பு முழுக்க ஒரே பொருளால் ஆனது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். நுரையீரலுக்குள் காற்று இருக்கிறது, எலும்பு அடர்த்தியாக இருக்கிறது, இரண்டும் கதிரை ஒரே மாதிரியா தடுக்கும்? உடம்பைத் திறக்காமல், வெளியிலிருந்து அளந்தே உள்ளே எந்த இடம் எவ்வளவு தடுக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா? இந்தக் கேள்வியின் கணிதத்தைத் தீர்த்து 1963-லும் 1964-லும் கட்டுரைகள் எழுதினார். அப்போது கவனித்தவர்கள் மிகச் சிலர். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தது. 1979-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சி.டி. ஸ்கேனை நோய் கண்டறியும் துறையின் சொத்து, நாங்கள் அதை இரவல் வாங்கிப் பயன்படுத்துகிறோம் என்ற எண்ணம் எங்களிடம் உண்டு. அதன் டோஸைப் பற்றி அவர்கள் கவலைப்படட்டும் என்று விட்டுவிட்டோம். உண்மையில் அந்தக் கருவியின் இரண்டு வேர்களில் ஒன்று கதிர் சிகிச்சை அறையில் முளைத்தது. கார்மாக்கைத் தொந்தரவு செய்த அதே கேள்விக்காகத்தான் இன்றும் சிமுலேஷன் ஸ்கேன் எடுக்கிறோம். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள எண்ணை எலக்ட்ரான் அடர்த்தியாக மாற்றி, அதன் மேல்தான் டோஸ் கணக்கு நடக்கிறது.

ஆகவே எங்கள் ஸ்கேனின் தேவைகளும் வேறு. நோய் கண்டறியும் டாக்டருக்குக் கட்டி எங்கே, என்ன மாதிரி என்று தெரிந்தால் போதும். எங்களுக்குத் தோலின் வெளிக்கோடு எல்லாப் பக்கமும் முழுசாகப் படத்துக்குள் வர வேண்டும். அதனால் எங்கள் இயந்திரத்தின் வாய் அகலம், 80 சென்டிமீட்டருக்கும் மேல். நுரையீரலில் எத்தனை சதவீதம் 20 கிரே வாங்குகிறது என்று சொல்ல வேண்டுமானால் நுரையீரல் முழுவதும் படத்தில் இருந்தாக வேண்டும். பாதி நுரையீரலுக்குச் சதவீதம் போட முடியாது. ஆகையால் நீளம் கூடும். குழாய் மின்னழுத்தத்தை மாற்றினால் எண்ணுக்கும் அடர்த்திக்கும் உள்ள உறவு மாறிவிடும் என்று பெரும்பாலும் 120 கிலோவோல்ட்டிலேயே நிற்போம். நோய் கண்டறியும் துறையில் டோஸைக் குறைக்கக் கையாளும் வழிகளில் ஒன்று இங்கே அடைபடுகிறது. இத்தனை வேறுபாடு இருக்கும்போது அவர்களுடைய ஒப்பீட்டு அளவை எடுத்து நம் ஸ்கேனுக்குப் பொருத்துவது, பெரியவர் சட்டையைப் பிள்ளைக்குப் போட்ட மாதிரி.

ஒப்பீட்டு அளவு என்றேன். அதை விளக்கிவிடுகிறேன்.

என் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்பதைப் பார்க்கிறீர்கள். கதிர் வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் இது உண்டு. எனக்கு ஒரு வரம்பு இருக்கிறது: ஐந்து ஆண்டுச் சராசரியில் வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி அது. நோயாளிக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. உலகத்தில் எங்கேயும் கிடையாது. அது சரியும்கூட; தேவைப்படுகிற ஸ்கேனை ‘உங்கள் கணக்கு முடிந்துவிட்டது’ என்று யாரும் மறுக்கக் கூடாது. ஆனால் வரம்பு இல்லை என்றால் கேள்வியே இல்லை என்று ஆகிவிடக் கூடாதல்லவா? அந்த இடைவெளியில் வைக்கப்பட்டதுதான் ஒப்பீட்டு அளவு. டி.ஆர்.எல். என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

பிரிட்டனில் 1980-களின் நடுவில் நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளில் சாதாரண எக்ஸ்ரேக்களின் டோஸை அளந்தார்கள். ஒரே மாதிரி நோயாளி, ஒரே எக்ஸ்ரே. ஓர் ஆஸ்பத்திரிக்கும் இன்னோர் ஆஸ்பத்திரிக்கும் இடையே பல மடங்கு வித்தியாசம். யாரும் தப்பு செய்ய நினைக்கவில்லை. அடுத்தவர் எவ்வளவில் எடுக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த அளவீட்டிலிருந்து ஓர் எண்ணை எடுத்து, இதற்கு மேலே இருப்பவர்கள் தங்கள் முறையைத் திரும்பிப் பாருங்கள் என்றார்கள். அபராதம் இல்லை, சீல் வைப்பதில்லை. 2005-இல் மறுபடி கணக்கெடுத்தபோது ஒப்பீட்டு அளவுகள் பழைய எண்ணில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தன. கருவிகள் மேம்பட்டதும் ஒரு காரணம். ஆனாலும் கேள்வி கேட்டதற்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். அந்த முறைக்குச் சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 1996-இல் பெயர் கொடுத்தது. 2017-இல் அதற்கென்றே 135-ஆம் வெளியீட்டைத் தந்தது. எங்கள் துறைக்கு முக்கியமான வாக்கியம் அதில்தான் இருக்கிறது: சிகிச்சைக் கதிருக்கு ஒப்பீட்டு அளவு பொருந்தாது, ஆனால் சிகிச்சையைத் திட்டமிடவும் நோயாளி சரியாகப் படுத்திருக்கிறாரா என்று சரிபார்க்கவும் எடுக்கும் படங்களுக்கு அதைக் கருத வேண்டும் என்கிறது.

எண்ணை எப்படி எடுப்பது? பள்ளிக்கூடத்துக் காலை வணக்கத்தில் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்துவார்கள் இல்லையா, அப்படித்தான். ஒவ்வொரு மையமும் ஒரே வகை ஸ்கேனுக்குக் குறைந்தது 20 நோயாளிகளின் எண்ணை எழுதி, அவற்றின் இடைநிலையை எடுக்க வேண்டும். நடுவில் நிற்கிற எண். சராசரி வேண்டாம், ஒரே ஒரு பருமனான நோயாளி சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடுவார். இப்படி நூறு மையங்களின் இடைநிலைகளைச் சின்னதிலிருந்து பெரியதுக்கு வரிசையாக நிறுத்தினால் எழுபத்தைந்தாவது இடத்தில் நிற்பது நாட்டின் ஒப்பீட்டு அளவு. மூன்றாம் கால்மானம். அதற்கு மேலே இருக்கும் கால்வாசி மையங்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு தனி நோயாளியின் எண்ணை இதோடு ஒப்பிட்டு அவர் அதிகம் வாங்கிவிட்டார் என்று சொல்லவே கூடாது. வந்திருக்கும் உறவினர்கள் இதை மனதில் வையுங்கள். ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருக்காதீர்கள்.

எழுதவேண்டிய எண்கள் இரண்டு. முதலாவது சி.டி.டி.ஐ., மில்லிகிரேயில். ஸ்கேன் எடுக்கும் ஒரு துண்டுப் பகுதியில் கதிர் எவ்வளவு அடர்த்தியாக விழுகிறது என்று காட்டும். இரண்டாவது டி.எல்.பி. அந்த அடர்த்தியை ஸ்கேன் நீளத்தால் பெருக்கியது. 10 மில்லிகிரேயில் 39 சென்டிமீட்டர் எடுத்தால் 390. மழை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பது முதல் எண், எவ்வளவு நிலத்தில் பெய்தது என்பதையும் சேர்த்தது இரண்டாவது. நான் சொன்ன கீழ்க்கோடு தொப்புளுக்கு இறங்கினால் முதல் எண் அசையாமலே இருக்கலாம். இரண்டாவது எண்தான் காட்டிக்கொடுக்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு, இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். இந்த எண்கள் நோயாளியின் உடம்பில் அளந்தவை கிடையாது. அக்ரிலிக் உருளை ஒன்றில் என்ன அளவு வருமோ அதை இயந்திரம் எழுதுகிறது. தலைக்கு 16 சென்டிமீட்டர் உருளை, உடம்புக்கு 32 சென்டிமீட்டர். குழாயிலிருந்து வரும் கதிர் அதேதான். சின்ன உருளையில் எண் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரியும். தலை, கழுத்து ஸ்கேனுக்கு ஓர் இயந்திரம் 16-ஐ வைத்து எழுதும், இன்னொன்று 32-ஐ வைத்து எழுதும். இதைக் குறிக்காமல் எண்ணை மட்டும் சேகரித்தால் நல்லபடி வேலை செய்யும் மையம் தலைகுனியும், கதிரை அள்ளிக்கொட்டும் மையம் நிம்மதியாக இருக்கும். ரிப்போர்ட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் உருளை அளவு போட்டிருக்கும். அதைப் படியுங்கள்.

இப்போது அந்த நாலாயிரத்தில் ஒரு பங்கு வாதத்துக்கு வருகிறேன். நேர்மையாகவே ஒப்புக்கொள்கிறேன்: அந்த அம்மாவின் வலது மார்பகத்துக்குச் சிகிச்சைக் கதிரின் சிதறல் மூலமாகப் போவது, சிமுலேஷன் ஸ்கேனில் போவதைவிட அதிகம். ஸ்கேனால் மட்டும் பெரிய ஆபத்து என்று சொல்லி உங்களைப் பயமுறுத்தினால் நான் பொய் சொன்னவன் ஆவேன்.

ஆனால் சிதறல் என்பது சிகிச்சையின் விலை. அதைக் கொடுத்து ஓர் உயிரை வாங்குகிறோம். கீழ்க்கோடு தேவையில்லாமல் பதினைந்து சென்டிமீட்டர் இறங்கியபோது வயிற்றுக்குப் போன கதிர் எதை வாங்கியது? யாரும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் அதில் ஒரு கோடும் வரையவில்லை. சிகிச்சைச் சிதறலோ தூரம் போகப் போகக் குறைந்துவிடும். ஸ்கேன் கதிர் பெட்டிக்குள் இருக்கும் எல்லா உறுப்புக்கும் ஏறக்குறைய சமமாக விழும். முப்பத்தைந்து வயதில் மார்பகப் புற்றுக்கு வந்து குணமாகிப் போகிறவர் இன்னும் நாற்பது வருஷம் வாழப்போகிறார். நாம் அவருக்குக் கொடுக்க விரும்புவதும் அந்த நாற்பது வருஷத்தைத்தான். குழந்தைகள் விஷயத்தில் இதைப் பலமடங்கு அழுத்திச் சொல்வேன்.

படங்களும் இப்போது ஒன்றோடு நிற்பதில்லை. சிகிச்சை மேசையிலேயே தினம் ஒரு கூம்புக்கதிர் சி.டி. எடுக்கிறோம், 20 நாள் சிகிச்சை என்றால் 20 படம். எடை குறைந்து, தலையை அசையாமல் பிடிக்கும் மாஸ்க் தளர்ந்தால் மறுபடி சிமுலேஷன். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 180-ஆம் பணிக்குழு 2018-இல் ஒரு கோடு போட்டது: படங்களின் டோஸ் சிகிச்சை டோஸில் 5 சதவீதத்தைத் தாண்டும் என்றால் திட்டத்திலேயே அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த 5 சதவீதத்துக்குள் இருக்கிறோமா என்று தெரிய வேண்டுமானால் முதலில் எழுதி வைக்க வேண்டும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப்படும் காரணம் வேறு. டோஸ் எண் ஒரு நாடி. அதைப் பிடித்துப் பார்த்தால் அறையில் என்ன நடக்கிறது என்று தெரியும். கருப்பை வாய்ப் புற்றுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், மலக்குடல் காலியாக இருக்க வேண்டும். வாயு நிறைந்திருந்தால் இறக்கிவிட்டு, அரை மணி கழித்து மறுபடி ஸ்கேன். டி.எல்.பி. ஏறியிருக்கிறதே என்று பார்த்தால் பின்னால் இப்படி மறுஸ்கேன்கள் இருக்கும். அதற்குப் பின்னால், தண்ணீர் எவ்வளவு எப்போது குடிக்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை என்ற உண்மை இருக்கும். நான் டோஸ் ரிப்போர்ட்டை முதலில் திறந்த அந்த மையத்தில் நாங்கள் கண்டதும் இந்த மாதிரிதான். மார்பக புரோட்டோகாலில் பெட்டியின் ஆரம்ப நீளம், இயந்திரம் வந்திறங்கிய நாளில் கம்பெனி ஆள் வைத்துவிட்டுப் போனபடியே இருந்தது. மேல்கோட்டைத் தாடைக்குச் சரிசெய்வார்கள். கீழ்க்கோட்டை யாரும் தொடுவதில்லை. ஒரு மதியம் உட்கார்ந்து சுருக்கினோம். டாக்டர் எங்கள் பக்கத்தில் நின்று, நுரையீரல் முழுக்க வந்தால் எனக்குப் போதும் என்றார். செலவு ஒரு பைசா இல்லை.

பிரிட்டனின் மருத்துவ இயற்பியலாளர்கள் இதை நாட்டளவில் செய்தார்கள். அவர்களுடைய தொழில்சார் நிறுவனமான ஐ.பி.இ.எம். பெரும்பான்மை கதிர் சிகிச்சை மையங்களிலிருந்து சிமுலேஷன் எண்களைத் திரட்டி 2018-இல் வெளியிட்டது. வயது வந்தவர்களுக்கு அவர்கள் முன்வைத்த அளவுகளில் சில: மார்பகம் 10 மில்லிகிரே, டி.எல்.பி. 390. பிராஸ்டேட் 16, 570. சாதாரண நுரையீரல் ஸ்கேன் 14, 550. மூளை 50, 1500. இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, நுரையீரல் 4டி ஸ்கேனைப் பாருங்கள்: 63, 1750. அதே நெஞ்சு, நாலரை மடங்கு.

இந்த 63-இல் கொஞ்சம் நிற்க வேண்டும். மூச்சு விடும்போது நுரையீரல் கட்டி மேலும் கீழும் போகிறது. எங்கெல்லாம் போகிறது என்று தெரிய, மூச்சின் ஒரு முழுச் சுற்று முடியும்வரை உடம்பின் ஒவ்வொரு பகுதியையும் இயந்திரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வயிற்றில் ஒரு பெல்ட்டோ சிறு பெட்டியோ வைத்து மூச்சைப் பதிவு செய்வோம். மேசை நத்தை மாதிரி ஊரும். குழாய் அரை விநாடியில் ஒரு சுற்று சுற்றுகிறது, நோயாளிக்கு ஒரு மூச்சுக்கு நாலைந்து விநாடி என்றால், ஒரே இடத்தை எட்டுப் பத்துத் தடவை கதிர் தொடும். ஆக இந்த ஸ்கேனில் டோஸை நிர்ணயிப்பதில் நோயாளியின் மூச்சுக்கும் பங்கு உண்டு. பயத்தில் ஒழுங்கில்லாமல் மூச்சு விட்டால் படம் உடைந்து, திரும்ப எடுக்க நேரும். ஸ்கேனுக்கு முன் ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, “ஐயா, சாதாரணமா இழுங்க, மெதுவா விடுங்க” என்று பழக்கிவிடும் டெக்னீஷியன், நான் உட்கார்ந்து போடும் எந்தக் கணக்கையும்விட அதிகமாக டோஸைக் குறைக்கிறார். சாதாரண நுரையீரல் ஸ்கேனையும் 4டி-யையும் ஒரே பட்டியலில் சேர்த்துக் குழப்பக் கூடாது என்பதும் இதனால்தான்.

மூளையின் 50 பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மூளைக் கட்டியை இப்போது பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. படத்தில் வரைகிறோம். சி.டி. அங்கே டோஸ் கணக்குக்கும், எலும்பை வைத்து இரண்டு படங்களைப் பொருத்துவதற்கும்தான். அதற்கு நோய் கண்டறியும் தலை ஸ்கேனுக்கு நிகரான டோஸ் தேவையா? பழைய புரோட்டோகாலை அப்படியே நகல் எடுத்த பழக்கம் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே ஒப்பீட்டு அளவை உறுப்பின் பெயரை வைத்து மட்டும் வகுக்காமல், ஸ்கேன் எந்த வேலைக்கு என்பதை வைத்து வகுக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. உடன் இருக்கும் மூளை ஒரு வரி, இல்லாத மூளை இன்னொரு வரி.

இந்த பிரிட்டிஷ் எண்களை எடுத்து நம் சுவரில் ஒட்டிவிடலாமா? கூடாது. கதிர் உடம்பைத் துளைக்கும்போது ஏறக்குறைய ஒவ்வொரு நாலு சென்டிமீட்டருக்கும் பாதியாகிறது. நோயாளி ஒல்லியாக இருந்தால் அதே தரமான படத்துக்கு வெகு குறைந்த கதிர் போதும். ஐரோப்பிய அளவெடுப்புகளில் 70 கிலோவை ஒட்டிய நோயாளியைத்தான் வழக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் இந்தியருக்கு எடுத்துக்கொண்ட குறிப்பு எடை, ஆணுக்கு 65 கிலோ, பெண்ணுக்கு 55. புற்றுநோயோடு வருபவர் அதற்கும் கீழே இருப்பார். அவர்கள் எண்ணுக்குக் கீழே இருக்கிறோம் என்று நாம் திருப்திப்பட்டால், அது பெரிய செருப்புக்குள் சின்னக் கால் போனது மாதிரி.

நம்மால் முடியாத வேலையும் இல்லை இது. வேலூர் இயற்பியலாளர்கள் தமிழ்நாட்டில் 127 சி.டி. இயந்திரங்களை இரண்டு வருஷம் ஊர் ஊராகப் போய் அளந்து, 2011-இல் நம் மாநிலத்துக்கென்று நோய் கண்டறியும் ஸ்கேன்களுக்கான ஒப்பீட்டு அளவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் நிதி கொடுத்தது. அந்த 127-இல் 17 இயந்திரங்கள் பழையதைப் புதுப்பித்து விற்றவை. அக்ரிலிக் உருளையைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொன்றிலும் வைத்து அளந்திருக்கிறார்கள். நமக்கு அந்த அலைச்சலும் வேண்டாம். எண் ஏற்கெனவே டோஸ் ரிப்போர்ட்டில் இருக்கிறது. சிமுலேட்டர்களின் எண்ணிக்கையும் குறைவு.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். ஒப்பீட்டு அளவைக் காட்டி டோஸைக் குறை, குறை என்று விரட்டுவதும் ஆபத்து. படத்தின் புள்ளி இரைச்சல் பாதியாக வேண்டுமானால் கதிர் நாலு மடங்கு வேண்டும்; கதிரைக் கால்வாசியாக்கினால் இரைச்சல் இரட்டிப்பாகும். பிராஸ்டேட்டுக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவில் உள்ள எல்லை, மணல் தூவின மாதிரிப் படத்தில் கரைந்துவிடும். டாக்டர் சந்தேகத்தில் கோட்டை மூன்று மில்லிமீட்டர் உள்ளே வரைந்தால், புற்றின் ஓரம் 20 நாளும் குறைந்த டோஸ் வாங்கும். இரண்டு மில்லிகிரே மிச்சம் பிடித்து அறுபது கிரேயைத் தவற விட்டதாகும். பட்டியலில் ரொம்பக் கீழே நிற்கும் மையத்தையும் கூப்பிட்டு, “உங்க படத்தைக் காட்டுங்க” என்று கேட்க வேண்டும். மார்பகத்தில் தோலும் காற்றும் நுரையீரலும் தெளிவாகப் பிரிந்து தெரியும், அங்கே தைரியமாகக் குறைக்கலாம். இடுப்புப் பகுதியில் டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் குறைக்க வேண்டும்.

மாணவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒரு நோட்டு எடுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம். எடை, ஸ்கேன் வகை, எந்த வேலைக்காக, சி.டி.டி.ஐ., டி.எல்.பி., தொடங்கிய இடமும் முடிந்த இடமும், உருளை 16-ஆ 32-ஆ, அன்று மொத்தம் எத்தனை தடவை எடுத்தீர்கள். இவ்வளவுதான். குழந்தைகளுக்குத் தனிப் பக்கம், 4டி-க்குத் தனிப் பக்கம். ஒரு வகைக்கு 20 பேர் சேர்ந்ததும் நடு எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். அதைப் பக்கத்து ஊர் மையத்துக்கு அனுப்புங்கள், அவர்களுடையதைக் கேளுங்கள். ஏழெட்டு மையம் சேர்ந்தாலே யாருடைய கீழ்க்கோடு எங்கே நிற்கிறது என்று தெரிய ஆரம்பித்துவிடும். மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் மறுபடி எழுதுங்கள். புது மென்பொருள் வந்திருக்கும், எண் இறங்கியிருக்க வேண்டும்.

நான் இப்போது இருக்கும் மையத்தில் மார்பகப் பக்கம் நிரம்பிவிட்டது. இடுப்புப் பகுதியில் பதினான்கு பேர் ஆகியிருக்கிறார்கள். நோட்டு கன்சோல் மேசையிலேயே கிடக்கும், பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். பார்க்க விரும்புகிறவர்கள் மதியம் இரண்டு மணிக்கு மேல் வரலாம்; அதற்குள் காலைச் சிமுலேஷன்கள் முடிந்திருக்கும்.